பக்டரி கேக்க முதல் காய விட ஒரு தளம் கேளுங்கோ

ஒட்டுசுட்டான் பக்கத்தில இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா. அவையின்ர மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில 26 பேர், எல்லாரும் அரை ஏக்கரில இருந்து ரெண்டு ஏக்கர் வரைக்கும் கச்சான் (நிலக்கடலை) போடுறவை. பிடுங்கின கையோட லொறிக்காரர் வந்து, ஈரம் எண்டு கொஞ்சம் கழிச்சு, மண் எண்டு கொஞ்சம் கழிச்சு, தாங்கள் சொன்ன விலைக்கு ஏத்திக்கொண்டு போயிடினமாம். யூரியூப்பில உணவு பதப்படுத்திற தொழிலுக்கு அரசாங்கம் 35 வீதம் மானியம் குடுக்குது எண்டு ஒரு வீடியோ பாத்தாவாம், எங்களுக்கும் அப்பிடி ஒரு கச்சான் பக்டரி கேக்கலாமோ எண்டு கேக்கிறா. ஒருத்தர் 25,000 ரூபா தந்தா திட்டம் எழுதி எடுத்துத் தாறன் எண்டு சொல்லுறாராம், குடுக்கவோ எண்டும் கேட்டிருக்கிறா. கடைசியா, ஒதுக்கிற சொத்தைக் கச்சானை மாட்டுக்குப் போடலாமோ எண்டு ஒரு சின்னக் கேள்வி.

தங்கச்சி, கடைசிக் கேள்வி சின்னக் கேள்வி இல்லை, அதைக் கடைசியில சொல்லுறன். முதல்ல அந்த 25,000 ரூபாயைக் குடுக்காதேங்கோ. உங்கட டி.எஸ். ஒபிசில (பிரதேச செயலகத்தில) சிறுதொழில் முயற்சிக்கெண்டு அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், விதாதா வள நிலையம் எண்டு ஒரு பிரிவு இருக்கும், திட்டம் எழுத உதவி செய்யிறது அவையின்ர வேலை, அதுக்குக் காசு வாங்கிறேல்ல. நீங்கள் 26 பேரும் ஒரு பின்னேரம் இருந்து, ஆற்ற காணியில எவ்வளவு விளையுது, எந்தக் கிழமை பிடுங்கிறது, ஆருக்கு விக்கிறது, எவ்வளவு கழிச்சவை எண்டு ஒரு கொப்பியில எழுதினா திட்டத்தில பாதி முடிஞ்சுது. வெளியில இருந்து வந்து எழுதிறவருக்கு அந்தக் கணக்குத் தெரியாது, அவர் வேற ஊருக்கு எழுதினதில பேரை மாத்தித் தருவார், அப்பிடி வந்த திட்டங்களை நான் கனக்கப் பாத்திட்டன், ஒண்டும் சரிவந்ததில்லை.

வீடியோவில சொன்னது பொய்யில்லை, ஆனா அது இந்தியாவின்ர திட்டம். பிரதம மந்திரியின்ர பேரில சின்ன உணவுத் தொழில்களுக்கெண்டு 2020 ஜூனில தொடங்கினவை. செலவில 35 வீதம், ஆகக்கூடினது 10 லட்சம் இந்திய ரூபா, அதுவும் கையில தாறேல்ல, பாங்க் லோன் எடுத்தாத்தான் அந்தப் பங்கு லோன் கணக்கில சேரும். எங்களுக்குப் பொருந்தாது எண்டாலும் அங்கத்தைய கதையில எங்களுக்கு ஒரு பாடம் இருக்கு. அதுக்கு முதல் 2008 ல அவை மெகா உணவுப் பூங்கா எண்டு ஒண்டு தொடங்கினவை, குறைஞ்சது 50 ஏக்கர் காணி, ஒரு பூங்காவுக்கு 50 கோடி ரூபா வரைக்கும் மானியம். நினைச்சது நல்ல விசயம்தான், ஊருக்குள்ள சேகரிப்பு நிலையம், அதுக்கு மேல துப்பரவாக்கித் தரம் பிரிக்கிற நிலையம், அதுக்கும் மேல பெரிய பக்டரி எண்டு மூண்டு தட்டு. ஆனா காணி எடுக்கிறதிலயும் லோன் கிடைக்கிறதிலயும் இழுபட்டு கனக்கப் பூங்கா வருஷக்கணக்கா முடியேல்ல, 2021 ல அந்தத் திட்டத்தை நிப்பாட்டிப்போட்டினம். சின்ன விவசாயிக்குக் கிட்ட இருக்கிறது அந்த மூண்டு தட்டில கீழ் ரெண்டும்தான், மேல் தட்டைக் கட்டிறதில நிண்டு போனா கீழ இருக்கிறவைக்கு ஒண்டும் வராது.

எங்கட பக்கத்துக்கும் உதவி வரேல்ல எண்டு சொல்லேலாது. 2016 ல உலக வங்கிக் காசில தொடங்கின விவசாயத்துறை நவீனமயமாக்கல் திட்டம் முல்லைத்தீவை முதல் சுற்றிலயே எடுத்தது, பிறகு கிளிநொச்சி வவுனியாவையும் சேத்தவை. இப்ப மாங்குளத்திலயும் பரந்தனிலயும் முதலீட்டு வலயம் எண்டு கதைக்கினம். அதுகள் வந்தா சந்தோசம், நான் வேண்டாம் எண்டு சொல்ல மாட்டன். ஆனா வவுனியாவில பொருளாதார மத்திய நிலையத்துக்கு, அதுதான் மரக்கறி மொத்தச் சந்தைக்கு, என்ன நடந்தது எண்டு உங்களுக்கும் தெரியும், 2016 ல ஓமந்தையோ தாண்டிக்குளமோ எண்டு சண்டை பிடிச்சு, கடைசியில மதவுவைத்தகுளத்தில கட்டி, கட்டி முடிச்ச பிறகும் வருஷக்கணக்கா பூட்டிக் கிடந்தது. அந்த நேரமெல்லாம் வவுனியாச் சனம் மரக்கறியை எப்பிடி வித்ததோ அப்பிடியேதான் வித்தது.

நான் உணவுத் தொழில்நுட்பம் படிச்சு, அறுவடைக்குப் பிந்தின வேலையிலதான் இவ்வளவு காலமும் வன்னிக்குள்ள திரிஞ்ச ஆள். சண்டை முடிஞ்சு ரெண்டு மூண்டு வருஷத்தில ஒரு ஊரில (பேர் வேண்டாம்) பப்பாசி, மாங்காய் காய வைக்கிறதுக்கெண்டு ஒரு நிறுவனம் வடிவான கட்டடம் கட்டி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேசை போட்டு, பெரிய ட்ரையர் ஒண்டும் இறக்கிக் குடுத்தது. திறப்பு விழாவுக்கு நானும் போனன். அந்த மெசினுக்கு த்ரீ பேஸ் கரண்ட் வேணும், ஊருக்குள்ள சிங்கிள் பேஸ்தான், த்ரீ பேஸ் இழுக்கிற செலவு ஆற்ற திட்டத்திலயும் இல்லை. ஒரு வருஷம் அலைஞ்சு கரண்ட் எடுத்தவை, முதல் மாச பில் வந்த உடன சங்கத்தில இருந்த காசு முழுக்கப் போச்சுது, காய வைச்ச பழத்தை வாங்கிறன் எண்டு சொன்னவரும் வரேல்ல. அங்க வேலை செய்த பொம்பிளையள் விடியக்காலமை வீட்டு வேலை முடிச்சு நடந்து வந்து, சம்பளம் இல்லாம ஆறு மாசம் நிண்டவை. அவையின்ர முகம் எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது, அதாலதான் பக்டரி எண்டு ஆரும் எழுதினா உடன சரி எண்டு சொல்ல எனக்கு மனம் வாறேல்ல.

கட்டடம் குடுக்கிறது லேசு, நாடா வெட்டலாம், படம் எடுக்கலாம். அதை ஓட்டிற செலவுக்கு ஆரும் பொறுப்பெடுக்கிறேல்ல. அதால அரசாங்கத்திட்ட நீங்கள் கேக்கவேண்டியது, ஓட்டிற செலவு கிட்டத்தட்ட இல்லாத சாமான், ஆனா தனிய ஒரு குடும்பத்தால கட்டேலாத சாமான். உங்களுக்கு அது காய விடுற தளம்.

ஏன் எண்டு கணக்கோட சொல்லுறன். பிடுங்கின உடன கச்சான் கோதுக்குள்ள 35 தொடக்கம் 50 வீதம் வரைக்கும் தண்ணி இருக்கும். 40 வீதம் எண்டு வைப்பம். அந்த 100 கிலோவை 8 வீத ஈரத்துக்குக் காய வைச்சா 65 கிலோ வரும். மிச்சம் 35 கிலோவும் தண்ணி, அதுக்கு ஆரும் காசு தரமாட்டினம், அதில லொறிக்காரரில பிழை சொல்லேலாது. பிழை எங்க எண்டா, அந்த ஈரத்தை அளக்காம, ஒரு பிடி எடுத்துக் கையில உருட்டிப் பாத்திட்டு இவ்வளவு கழிவு எண்டு அவர் சொல்லுறதும், வீட்டில குவிச்சு வைக்க இடமில்லாததால, மழை இருட்டுது எண்டு பயந்து நீங்கள் ஓம் எண்டு சொல்லுறதும்தான். காஞ்ச கச்சானை வைச்சிருக்கிறவள் ரெண்டு கிழமை பொறுக்கலாம். பச்சைக் கச்சானை வைச்சிருக்கிறவளால ரெண்டு நாள் பொறுக்கேலாது. விலை பேசிற பலம் எண்டு சொல்லுறது உங்கட விசயத்தில இதுதான், வேற ஒண்டுமில்லை.

மாரிக்குப் போட்டதைத் தை மாசியில பிடுங்கேக்க மழை முற்றா விட்டிருக்காது, அதுதான் எங்கட பக்கத்துப் பெரிய கரைச்சல். வெறும் நிலத்தில பரப்பினா அடியில ஈரம் ஏறும், தறப்பாளில போட்டு மேலயும் தறப்பாளால மூடினா உள்ளுக்க வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். நெல்லுக்கே தளம் இல்லாமத்தான் சனம் மெயின் றோட்டில காய விட்டுக்கொண்டு வாகனத்துக்குக் கையைக் காட்டிக்கொண்டு நிக்குது. தளம் எண்டா சும்மா சீமெந்து போட்ட முத்தம் இல்லை, தண்ணி நிக்காம ஒரு பக்கம் கொஞ்சம் சரிவு வேணும், ஆடு மாடு ஏறாத வேலி வேணும், முக்கியமா பக்கத்திலயே நாலு பக்கமும் காத்து வாற ஒரு கூரை வேணும், மழை துமிக்கத் தொடங்கினா பத்து நிமிசத்துக்குள்ள எல்லாத்தையும் தள்ளி உள்ளுக்க கொண்டுபோற மாதிரி. கூரைக்குள்ள பலகைத் தட்டு, அதுக்கு மேல சாக்கு, சுவரில முட்டாம. ஒரு ஈரமானி, ஒரு நல்ல தராசு, அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின்ர சீல் குத்தினது. இவ்வளவும்தான். வெளிச்சத்துக்கு மட்டும் கரண்ட் போதும்.

காய விடேக்க நாலு விரல் உயரத்துக்கு மேல குவியாதேங்கோ, ஒரு நாளைக்கு நாலைஞ்சு தரம் கிளறுங்கோ, பனி விழ முதல் உள்ளுக்க எடுங்கோ. கோதைக் காதுக்குக் கிட்ட வைச்சு ஆட்டினா உள்ளுக்க பருப்பு கிலுங்கிற சத்தம் கேக்க வேணும், பருப்பை விரலால உரசினா தோல் கழண்டு வர வேணும், ஈரமானி வரும் வரைக்கும் இதுகளை வைச்சுப் பாக்கலாம். விதைக்கு வைக்கிறதை மட்டும் நிழலில காய விடுங்கோ, கொதிக்கிற சீமெந்தில போட்டா முளைக்கிற சக்தி குறைஞ்சிடும்.

இதுக்குப் பிறகுதான் கோது உடைக்கிறது. 65 கிலோ காஞ்ச கச்சானில ஒரு 43, 44 கிலோ பருப்பு வரும். கையால சுத்திற உடைக்கிற மெசினே 26 பேருக்குப் போதும், மோட்டர் வைச்சது பிறகு பாக்கலாம். அனுராதபுரத்தில அறுவடைக்குப் பிந்தின முகாமைத்துவத்துக்கெண்டு ஒரு அரச நிறுவனம் இருக்கு, இந்த மாதிரி மெசினுகளை ஆராயிறதும் பயிற்சி குடுக்கிறதும்தான் அவையின்ர வேலை, உங்கட விவசாயப் போதனாசிரியர் ஊடாக் கடிதம் எழுதி ஒருக்கா போய்ப் பாருங்கோ, வவுனியா, மதவாச்சி வழியா பஸ்ஸில போகலாம். உடைக்கேக்க ஒண்டைக் கவனியுங்கோ, பருப்பு உடையாம வரவேணும் எண்டு கோதுக்குத் தண்ணி தெளிக்கிற பழக்கம் சில இடத்தில இருக்கு, அதை மட்டும் செய்யவே கூடாது, கஷ்டப்பட்டுக் காய வைச்சது முழுக்க அதோட வீண்.

பருப்பைக் கையால தெரிஞ்செடுக்கிறதுக்கு எந்த மெசினும் உங்கட கண்ணுக்கு ஈடில்லை. சுருங்கினது, நிறம் மாறினது, பூச்சி தின்னது, பூஞ்சணம் பட்டது எல்லாம் வேற. தரம் பிரிச்ச கச்சானுக்கு மாக்கெற் தூரத்தில இல்லை, வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கச்சான் கடை போடுறவை, மடுத் திருவிழாவுக்கும் நல்லூருக்கும் போறவை எல்லாரும் எங்கயோ இருந்து வாங்கித்தானே வறுக்கினம். அவையில நாலைஞ்சு பேரைப் பிடியுங்கோ. வறுத்துப் பக்கெட் பண்ணிறது, கச்சான் அல்வா, எண்ணெய் எல்லாம் மூண்டாவது வருஷத்துக் கதை.

அந்தக் கட்டத்துக்குப் போகேக்க டி.எஸ். ஒபிசில வியாபாரப் பேர் பதிவு, பிரதேச சபை உரிமம், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து இடத்தைப் பாக்கிறது எல்லாம் வரும், 1980 ஆம் ஆண்டின்ர 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்குக் கீழ லேபல் விதிகள் இருக்கு, நிறை, திகதி, தொகுதி இலக்கம், முகவரி எண்டு. பி.எச்.ஐ.யைக் கண்டு பயப்பிடாதேங்கோ, கட்ட முதலே கூப்பிட்டுக் காட்டினா எங்க ஜன்னல், எங்க கை கழுவிற இடம் எண்டு அவரே சொல்லுவார், கட்டின பிறகு இடிக்கத் தேவையில்லை.

சரி, இந்தத் தளத்தை ஆரிட்டக் கேக்கிறது. மாகாண விவசாயத் திணைக்களம், பிரதேச சபை, எம்.பி.மாருக்குத் தங்கட பகுதி வேலையளுக்கெண்டு ஒதுக்கிற பன்முகப்படுத்தப்பட்ட நிதி, இந்த மூண்டுக்கும் ஒரே விண்ணப்பத்தைக் குடுக்கலாம், பிழையில்லை. தொகை பெருசில்லாததால இதுக்குக் கொழும்புக்குப் போய் நிக்கத் தேவை வராது. உங்கட கமக்கார அமைப்பு 2000 ஆம் ஆண்டின்ர 46 ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்துக்குக் கீழ பதிஞ்சிருந்தா, மாதர் சங்கமும் கமக்கார அமைப்பும் சேந்து கையெழுத்து வைச்சுக் குடுங்கோ. நெல்லுக்காரருக்கும் தளம் தேவைதானே, உங்களுக்கு முடிஞ்ச கையோட அவைக்கு. ஒரு தளம் ரெண்டு பயிருக்குப் பாவிக்கிறது எண்டு காட்டினா ஒபிசில சொல்லுற பதிலும் வேற மாதிரி இருக்கும்.

காணி விசயம் கவனம். ஒரு ஆளுக்கு அரசாங்கம் பேர்மிட்டில குடுத்த காணிக்குள்ள பொதுக் கட்டடம் கட்டாதேங்கோ, நாளைக்கு அந்தக் குடும்பத்துக்குள்ள ஒரு பிரச்சினை எண்டா தளமும் போயிடும். பொதுக் காணி எண்டாலும் டி.எஸ். ஒபிஸ் காணிக் கிளையில கேட்டு, வன இலாகாவின்ர எல்லைக்குள்ள வாறேல்ல எண்டு எழுத்தில எடுங்கோ, முல்லைத்தீவில இதைச் சொல்லித்தர வேணுமெண்டில்லை, இருந்தாலும் அவசரத்தில விட்டுப்போடுவியள்.

லோன் இப்ப வேண்டாம். நுண்கடனால எங்கட பொம்பிளையள் பட்டது போதும், 2018 ல அரசாங்கமே வரட்சி பாதிச்ச 12 மாவட்டத்தில ஒரு லட்சம் ரூபா வரைக்குமான பொம்பிளையளின்ர கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது எண்டா நிலைமையைப் பாருங்கோ. கிழமைக் கிழமை கட்டிற கடனும் வருஷத்துக்கு ஒருக்கா வாற கச்சான் காசும் ஒருநாளும் ஒத்துவராது. பிறகு மெசினுக்குத் தேவைப்பட்டா அரச வங்கியிலயே கேளுங்கோ, ஈடு வைக்க உறுதிக் காணி இல்லாதவைக்காகத் தேசிய கடன் உத்தரவாத நிறுவனம் எண்டு ஒண்டு தொடங்கியிருக்கினம், லோனில ஒரு பங்குக்கு அவை உத்தரவாதம் நிப்பினம், அதில வருமோ எண்டு மனேஜரை நேராக் கேளுங்கோ.

இன்னொண்டும் நீங்கள் அரசாங்கத்திட்டக் கேக்க வேணும், இது உங்கட ஒரு சங்கத்துக்கு மட்டும் இல்லை. கச்சானில பிடிக்கிற பூஞ்சணம் அஃப்லாரொக்சின் எண்ட நஞ்சை விடும். அது கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, வறுத்தாலும் முழுக்கப் போகாது, ஈரலில புற்றுநோய் வர வைக்கும். ஐரோப்பாவில மனிசர் நேராத் தின்னுற கச்சானுக்கு ஒரு கிலோவில 4 மைக்ரோகிராமுக்கு மேல இருக்கக்கூடாது, அதாவது ஒரு தொன்னுக்கு 4 மில்லிகிராம், அவ்வளவு சின்ன அளவு. சின்னச் சங்கங்கள் சாம்பிளைக் கொழும்புக்கு அனுப்பி ரெஸ்ட் எடுக்கிற செலவைத் தாங்காது. கிளிநொச்சி அறிவியல் நகரில விவசாய பீடமே இருக்கு. போகத்துக்கு ஒருக்கா வன்னிக் கச்சானுக்கு இலவசமா ரெஸ்ட் செய்து தர ஒரு ஏற்பாடு வந்தா, அது பத்துக் கட்டடத்தை விடப் பெரிய உதவி எண்டு நான் நினைக்கிறன், கூட்டங்களில சந்தர்ப்பம் கிடைக்கிற நேரமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறன். நீங்கள் 26 பேர் கையெழுத்து வைச்சுக் கேட்டா என்ர குரலை விட அது கேக்கும்.

இப்ப அந்தச் சொத்தைக் கச்சான். மாட்டுக்குப் போடாதேங்கோ. கோழிக்கும் வேண்டாம். 1960 ல இங்கிலாந்தில ஒரு லட்சம் வான்கோழி என்ன வருத்தம் எண்டு தெரியாமச் செத்தது, தேடிப் பாத்தா எல்லாம் பிறேசிலில இருந்து வந்த கச்சான் புண்ணாக்குத் தீன், அஃப்லாரொக்சினைக் கண்டுபிடிச்சதே அப்பிடித்தான். மாடு சாகாம இருந்தாலும் அந்த நஞ்சில ஒரு பங்கு பாலில வரும், அந்தப் பாலைக் குடிக்கிறது உங்கட பிள்ளையள். எண்ணெய்க்கு ஆட்டக் குடுக்கிறதும் சரியில்லை, எண்ணெயிலயும் கொஞ்சம் போகும், மிச்சம் புண்ணாக்கில தங்கி திரும்ப மாட்டுக்குத்தான் வரும். தெரிஞ்செடுக்கேக்க வாயை மூடித் துணி கட்டிக்கொண்டு, ஒதுக்கினதை வேறயா ஒரு பையில போட்டு, கிணத்துக்குத் தள்ளி ஒரு கிடங்கு வெட்டித் தாட்டுப்போடுங்கோ. 26 வீட்டிலயும் இதைச் சொல்லிப்போடுங்கோ, குறிப்பா ஆச்சிமாருக்கு, எறியிறதுக்கு மனம் வராம நல்ல பக்கத்தை மட்டும் கடிச்சுத் தின்னுறது அவைதான்.